பெரியநாயகம் மாமா கேட்ட மன்னிப்பு

சேசு மரி சூசை துணை

படப்பை
12-3-1975

அன்புள்ள மகள் கிளாராவுக்கு அம்மா செல்வமேரி எழுதிக்கொண்டது. நீ பிலாயில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேணுமென்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் எனக்குக் கையும் மனசும் சேர்ந்தே ஓய்ந்துபோய்விட்டது. என் அண்ணன், உன் பெரியநாயகம் மாமாவைச் சனிக்கிழமை அடக்கம் பண்ணிவிட்டோம். தந்தி கிடைத்தும் ஆஸ்பத்திரியில் உனக்கு லீவு தரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் குறை சொல்லவில்லை. போன கடிதத்தில் நீ, இந்தத் தபசுகாலத்திலும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகமாட்டேன், மனுஷன் பாவத்தை இன்னொரு மனுஷன் மன்னிக்க யார் அதிகாரம் கொடுத்தது, பெரிய மாமாவுக்கே மன்னிப்புக் கிடைத்ததென்றால் அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் மாமாவுக்கு நோய் முற்றிவிட்டது. இப்போது நடந்ததை எழுதுகிறேன், அதுதான் என்னிடம் இருக்கிற பதில்.

மாமா சாட்சி சொன்ன அந்தக் கேஸ் நடந்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய், அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். ஒரகடத்துப் பக்கம் மாமா காவல் இருந்த முதலாளி தோப்பில் கிணற்று மோட்டார் காணாமல் போனது. வடக்குப்பட்டு நாகப்பன் அதை வண்டியில் ஏற்றிப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று மாமா கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொன்னார். நாகப்பன் ஜெயிலில் இருக்கும்போதுதான் அவன் பெண்சாதி கங்கம்மாளுக்குப் பிள்ளை பிறந்தது, பார்க்க ஆளில்லாமல் அது தங்கவில்லை. சாட்சி பொய் என்று ஊரே முணுமுணுத்தது. நான் மாமாவை நேராகவே கேட்டேன். அதையெல்லாம் கோவிலில் மரியஜோசப் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கியாகிவிட்டது, இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே என்றார். அது எப்படியோ உன் யாக்கோபு சித்தப்பா காதுக்குப் போய்விட்டது. அவர் கல்யாணத்துக்குப் பிறகு பிராட்டஸ்டண்டு கோவிலுக்குப் போகிறவர், சும்மா இருப்பாரா. படப்பைச் சந்தையில் சாமியார் சைக்கிளை நிறுத்தி, பொய்சாட்சிக்கும் பாவமன்னிப்புத் தருகிற அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பத்துப்பேர் முன்னால் கத்தினார். சாமியார் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். பேசாததனால் குற்றம் உள்ளதுதான் என்று நாங்களும் நினைத்தோம், நீயும் அப்படித்தான் நினைத்துக் கோவிலை விட்டாய். அப்புறம் அவரைச் செங்கல்பட்டுப் பக்கம் மாற்றினார்கள், போன வருஷம் அங்கேயே இறந்தும் போனார்.

மாமாவுக்கு வயிறு வீங்கி, பெரியாஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு நம்மை விட்டால் யார், நம் வீட்டு முன்னறையில்தான் படுக்கை. தூக்கி உட்காரவைப்பதும் துடைப்பதும் துணி அலசுவதும் எல்லாம் நான்தான், என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை. இப்போது இருக்கிற அமிர்தநாதர் சாமியார், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைத் தைலம் பூச வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தவர் மறுபடி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூசாமலே போனார். சாகிறவனுக்குக்கூட மன்னிப்பு இல்லையா என்று அவர் பின்னாலேயே ஓடிக் கேட்கத் தோன்றியது. மாமாதான் என்னைக் கூப்பிட்டு, நாகப்பனை இட்டுகினு வா என்றார்.

நான் வடக்குப்பட்டுக்குப் போனேன். கங்கம்மாள் உட்காரச் சொல்லவில்லை. “அவுரு மனசு லேசாவறதுக்கு நாங்க வந்து நிக்கணுமா?” என்று கேட்டாள். அழக்கூட எனக்குத் தெம்பில்லை. நாகப்பன் கல் ஏற்றுகிற வேலையிலிருந்து வந்தவன் அப்படியே குந்தியிருந்தான். வரமாட்டார்கள் என்றுதான் திரும்பினேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றார்கள்.

சாமியாருக்கு ஆள் அனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர்களையும் யாக்கோபு சித்தப்பாவையும் கூப்பிடச் சொன்னது மாமாதான். அப்பா முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, எல்லோர் முன்னாலும் மாமா சொன்னார். “மோட்டார நாகப்பன் எடுக்கல. மொதலாளி மவன்தான் வித்தான். மொதலாளி சொல்லச் சொன்னாரு, நான் சொன்னேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “மரியஜோசப் சாமி என்னை மன்னிக்கல. போயி நெசத்தச் சொல்லிட்டு வா, அப்பால தரேன்னாரு. நான் போவல. குடுத்துட்டாருன்னு வூட்டுல பொய் சொன்னேன்” என்றார்.

கிளாரா, எனக்குத் தலையில் அடித்தது போல ஆனது. சங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே விடக்கூடாது என்பதால் அந்த மனுஷன் சந்தையில் அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும். சித்தப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார். பாவத்தை மன்னிக்கிறவர் கடவுள் ஒருவர்தான், அதில் எனக்கு மாற்றமில்லை என்று அப்புறமும் என்னிடம் சொன்னார். ஆனால் குரல் பழைய குரல் இல்லை. “அந்தச் சாமியாராண்ட நான் பேசினதுக்கு இனிமே யாராண்ட போயி மன்னிப்புக் கேக்கறது அண்ணி?” என்றார்.

மாமா நாகப்பனைப் பார்த்துக் கையைக் கூப்பினார். நாகப்பன், “உங்க சாமியாரு மன்னிக்கட்டும், அது அவரு வேல. என்னால இப்ப முடியல” என்றான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. அமிர்தநாதர் சாமியாரும் அது நியாயம்தான் என்று தலையை அசைத்தார், அவனுக்குப் பதிலாக மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை, ஆண்டவர் பேரால்தான் நான் தருகிறேன் என்றார். அவர்கள் பார்க்கவே மந்திரம் சொல்லித் தைலம் பூசினார். மாமா முகம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை, வெகுதூரம் நடந்து வந்தவர் போலக் களைத்துத்தான் கிடந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். அந்த முதலாளி மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பட்டணத்தில் லாரி ஓட்டிச் சம்பாதிக்கிறானாம்.

சாமியார்களுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்று நீ படித்தவள் கேட்கிறாய், நான் என்னத்தைச் சொல்ல. மன்னிப்பைக் கொடுக்காமல் வைத்திருந்த ஒருவரையும், கொடுத்த ஒருவரையும் பார்த்துவிட்டேன், இரண்டும் அவர்களுக்கு லேசாக இல்லை என்பது மட்டும் தெரிகிறது. பெரிய மாமாவைக் காட்டி நீ கோவிலை விட்டாய், அந்தக் காரணம் இனி இல்லை. வேறு காரணம் இருந்தால் அது உன் மனசுக்குத் தெரியும், நான் கட்டாயப்படுத்தவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வெறும் டீயோடு படுக்காதே. முப்பதாம் நாள் பூசை அன்று உன்னால் வர முடியாது, அந்த நேரத்தில் மாமாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல். மரியஜோசப் சாமியாருக்கும் ஒன்று சொல். ஆண்டவர் உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசீரும் உண்டு.

எழுதாமல் விட்டது ஒன்று. கல்லறையில் எல்லோரும் மண் போட்டுக் கலைந்த பிறகு நாகப்பன் வந்தான். எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியாது. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான், அப்புறம் போட்டான். என்னைப் பார்த்தான், போய்விட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அவனைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
செல்வமேரி