கழுவிய தரை

அன்புள்ள அம்மா,

அறியாமல் செய்த தவறை, செய்தவரிடமே சொல்லத்தான் வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

மகளைக் காணாமல் தவிக்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குத் தடயம் தேட நேற்றுப் போனோம். அதே வீட்டில் இருந்த மருமகனைப் போலீஸார் சந்தேகத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். ஜன்னல்களை மூடிவிட்டு, கழுவிய ரத்தத்தையும் ஒளிரவைக்கும் மருந்தைத் தெளித்தேன். தரை முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. பிளீச்சிங் பவுடர் பட்ட இடமும் அப்படித்தான் ஒளிரும். ரத்தம் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"நீங்கல்லாம் வர்றீங்கன்னுதான்மா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். வீடு அழுக்கா கிடந்தா எம்பொண்ணைத்தானே குறை சொல்வாங்க?" என்றார் அவர்.

"சுத்தமாதான்மா இருக்கு" என்றேன்.

உங்கள் பழைய ரேடியோவை அனுப்ப முடியுமா? பாடாவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்கு நேரமாகிறது.

மறுநாள் சேர்த்தது: தடயம் இல்லையென்று இன்று காலை மருமகனை விட்டுவிட்டார்கள். நேராக அந்த வீட்டுக்குத்தான் போனானாம். அந்த அம்மாதான் கதவைத் திறந்தாராம்.