காலிப் பெட்டிக்கு விளக்கேற்ற மாட்டார்கள்

இன்று காலை குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பேருந்தில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அருவியில் நனைந்த தலை, உடம்பெங்கும் மசாஜ் எண்ணெய் மணம். நான் எழுந்துகொண்டேன். வேறு இடம் இல்லாததால் நின்றபடியே வந்தேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

நீ உயிர்வேதியியல் பேராசிரியர் ஆனாய், நான் செய்தியாளன் ஆனேன். அதற்கு முன்பு சுரண்டை பேருந்தில் ஒரே படிக்கட்டில் தொங்கிப் பள்ளிக்குப் போனவர்கள். உன் அண்ணனுக்கு முதலில் கால் தளர்ந்தது, பிறகு இதயம். என்ன நோய் என்று யாரும் சொல்லாமலே போய்ச்சேர்ந்தார். அதே தளர்ச்சி உன் கால்களில் தொடங்கியபோது நீ உனக்காகப் பயப்படவில்லை, மகளுக்காகப் பயந்தாய். மரபணுச் சோதனை ஒரு மாற்றத்தைக் காட்டியது. அது கெடுதலானதா என்று கேட்டால் கையை விரித்தார்கள்.

"நோயிக்குப் பேரு தெரியணும்லே. அப்பந்தான் எம்புள்ளைக்கு என்ன செய்யன்னு போயி நிக்க முடியும்" என்றாய்.

மாற்றம் இருந்தது ஒரு புரதத்தில். நீ அதை எனக்கு விளக்கியது இப்படி: "செல்லுக்குள்ள சக்தி ஆக்குத மில்லுதான் மைட்டோகாண்ட்ரியா. அதோட வாசல்ல இந்தப் புரதம் நிக்குது, நம்ம புளியரை செக்போஸ்ட் மாதிரி. காலி லாரிய உள்ள விடணும், சரக்கு லாரிய வெளிய விடணும். கேட்டத் தூக்கலேன்னா ஊரே பட்டினி."

பழுதில்லாத மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் புரதத்தைச் செய்து ஆய்வகங்களுக்கு விற்கிறார்கள். அதையும், உன் குடும்பத்து மாற்றத்தோடு நீயே செய்துவைத்திருந்ததையும் அருகருகே சோதிப்பது உன் திட்டம். விற்பனைப் புரதத்தைக் கல்லூரி வாங்கித் தந்தது. பெட்டியின் மேலிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தாய். "ஆய்வுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல. மனுசனோட சரக்கு, மனுசனுக்கு ஆகாதாம்லே."

உலர்பனி நிரப்பிய தெர்மோகோல் பெட்டி. குளிர் விட்டால் புரதம் கெட்டுவிடும், வந்த கையோடு ஃப்ரீசருக்குப் போயிருக்க வேண்டும். கல்லூரிச் செயலர் மறித்தார். வெளிநாட்டிலிருந்து வந்தது, விழா எடுத்து, விருந்தினர் கையால்தான் தொட வேண்டும் என்றார்.

நீ கெஞ்சினாய். "அண்ணாச்சி, உள்ள இருக்கத ஃப்ரீசர்ல வச்சிருதேன். காலிப் பெட்டிய வச்சு விழா நடத்துங்க."

"காலிப் பெட்டிக்கு விளக்கேத்துனா கல்லூரி வெளங்குமாவே?"

செய்தி எடுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தருவிக்குக் குளிக்கப் போன விருந்தினர் வரவே இல்லை. அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். "புகை சூப்பரா வருது சார், மூடாதீங்க" என்றார் ஒரு புகைப்படக்காரர். புகையும் தீர்ந்தது. மதியத்துக்கு மேல் எண்ணெய் மணக்க வந்த விருந்தினர் குத்துவிளக்கேற்றினார். சிறு குப்பியை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொரு கேமராவுக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினார். "இதான் அந்த மருந்தா?" என்று கேட்டார். நீ அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

சோதனையில் அந்தப் புரதம் வேலை செய்யவில்லை. நல்லதே ஓடாதபோது, உன்னுடையது ஓடவில்லை என்பதற்கு என்ன பொருள்? "கொஞ்சங்கூடவா தேறாது?" என்றேன்.

"அவிச்ச முட்டையில குஞ்சு கேக்கியாலே?"

மறுபடி வாங்கக் கேட்டபோது செயலர், "போன தடவை வாங்கி என்னத்தக் கிழிச்சீரு?" என்றார். நான் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் படம் மட்டும் வந்தது. கல்லூரி வரவேற்பறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். புகைக்கு நடுவே செயலர் கும்பிட்டபடி நிற்கிறார். பக்திப் படம் போலவே விழுந்திருக்கிறது.

என்ன நோய் என்று விசாரிக்காமல் நான் எந்த இரங்கல் செய்தியும் எழுதியதில்லை. உன் செய்தியில் மட்டும் 'உடல்நலக் குறைவால்' என்று எழுதினேன். எழுத வேறு சொல் இல்லை.

சென்ற வாரம் உன் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, மாடிப்படி ஏறுனா தொடை கனக்குது. அப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுதா?"

"ஆமாம்மா."

"அதுக்குப் பேரு என்ன மாமா?"

ஊராரைக் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவன் நான். எனக்கென்று நீ விட்டுப்போனது இந்த ஒரு கேள்விதான். இன்று பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி அதைத்தான் சுமந்துவந்தேன்.