குட்டையை மூடிய தலைமையாசிரியருக்கு

அண்ணா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. பள்ளிக்குப் பின்னால் இருந்த குட்டையை மண் கொட்டி மூடிவிட்டு, கார் நிறுத்த இடம் பிடித்திருக்கிறாய். வாசலில் மட்டும் ‘மனநல வாரம்’ என்று பேனர்! அங்கே நிற்கப்போகும் கார்களைப் பார்த்து எந்தப் பிள்ளையின் மனம் தேறப்போகிறது?

உன் மருமகள், என் மகள், போன வருடம் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். அறைக் கதவைத் தட்டித் தட்டி என் கை ஓய்ந்தது. அவளை வெளியே கொண்டுவந்தது டாக்டருமில்லை, நானுமில்லை. வகுப்புப் பிள்ளைகள் கூப்பிட்டார்களென்று அந்தக் குட்டையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போனாள். முழங்கால்வரை சேறோடு வந்து, “தவளை முட்டை போட்டிருக்கும்மா! எனக்குப் பசிக்குது” என்றாள். சமையலறையில் நின்று அழுதேன்.

நேற்று மண் லாரி வந்ததும் பிள்ளைகள் உன்னிடம் ஓடிவந்து கெஞ்சினார்களாம். “போய்ப் படிக்கிற வேலையைப் பாருங்க” என்றாயாம். வீட்டுக்கு வந்தவள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவெல்லாம் அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அவளே வெளியே வந்தாள். “மாமா மூடினா மூடட்டும். நாங்க எல்லாரும் சேர்ந்து தோண்டப்போறோம்” என்றாள்.

மண்வெட்டியோடு நானும் வருகிறேன். தடுப்பதானால் முதலில் என்னைத் தடுத்துப் பார்.

உன் தங்கை