வாலை வெட்டினாலும் பகா

என் அன்புப் பகாவுக்கு,

ஜீவனஹள்ளிப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: நேற்று மாலை நம் தெருவில் சரியாக மூன்று நிமிடம் மழை பெய்தது. என் இடது செருப்பு மட்டும் நனைந்தது. வலது செருப்பு நலம். நீ போய் ஒரு வருடமாகியும் இந்த ஊர் மழைக்கு முழுதாகப் பெய்யத் தெரியவில்லை.

உன் பெயர் சேவியர் என்பதே இங்கே பலருக்கு மறந்துவிட்டது. ஓசூர்த் தமிழ்ப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாய். ஏழு எப்படிப்பட்ட எண் என்று கணக்கு மிஸ் கேட்டார். பிரைம் என்ற சொல் வாயில் வராமல், "பகா, மிஸ்!" என்றாய். பெங்களூர்ப் பையன்கள் கன்னடத்தில் ஒருவரையொருவர் 'மகா' என்றுதானே கூப்பிடுவோம்? "டேய், மிஸ்ஸையே மகாங்கறான்டா!" என்று கத்தியவன் நான். வெளியே நின்றவன் நீ. அன்றிலிருந்து நான் மகா, நீ பகா.

பழிவாங்கத்தான் அந்த எண்ணைக் கொண்டுவந்தாயோ? 73939133. தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதற்கும் வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913, அதுவும் பகா எண். வெட்டி வெட்டி 739, 73, 7 என்று வந்தாலும் பகாதான். "வால வெட்டுனா பல்லிகூட துடிக்கும் மகா, இது அசையாது" என்றாய்.

ஆனால் அதன் வாலில் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் உடைந்துவிடும். இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாது. இனி வளராது என்று தெரிந்துதான் அதைப் பிடித்துக்கொண்டாயா?

"போன்ல போட்டா ஒரு செகண்டுடா" என்றேன். "அப்போ போன்தான் பாஸ், நாம ஃபெயில்" என்று நோட்டைத் திறந்தாய். எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் கையால் வகுத்துப் பார்ப்பதாகத் திட்டம். ஆயிரத்துக்கும் மேல் கணக்கு. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மீதியை என்னிடம் விட்டுப் போனாய்.

மதியம் வகுப்பில் கண் சொருகும்போது அந்த எண் ரயிலாக வருகிறது. எட்டுப் பெட்டிகள். பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, சத்தமில்லாமல் மரங்களுக்குள் மிதந்து போகின்றன. கடைசியில் 7 மட்டும் தனியாக ஊர்கிறது. சன்னலில் யாரோ கையாட்டுகிறார்கள். நீயா?

போன வாரம் சர்ச் வாசலில் உன் அம்மா கேட்டார். "அவன் கணக்கு முடிஞ்சிச்சாப்பா?"

"எப்பவோ முடிச்சாச்சு ஆன்ட்டி! எதுலயும் வகுபடல, நான் யாரு!"

நீ போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஞாயித்துக்கெழம பூசைக்கு வரப்போ நோட்ட எடுத்துட்டு வாப்பா. கடைசிப் பக்கத்தப் பாக்கணும்."

கடைசிப் பக்கத்தில் நீ இன்னும் 613-ஆல் வகுத்துக்கொண்டிருக்கிறாய். ஈவில் 120 எழுதியிருக்கிறாய், கீழே 379 நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு 1-ஐ இறக்க வேண்டும், அவ்வளவுதான். உன் கையெழுத்துக்கு அருகே பேனாவைக் கொண்டுபோவேன், மூடிவிடுவேன்.

ஞாயிறன்று ஆன்ட்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே அந்த 1-ஐ இறக்குவேன். சத்தியம். இன்னொன்று, யாரிடமும் சொல்லிவிடாதே: 3791-இல் 613 எத்தனை தடவை போகும் என்று எனக்குத் தெரியாது. நீள்வகுத்தல் எனக்கு என்றைக்குமே வந்ததில்லைடா. நீ இருந்தவரை உன் தாளைப் பார்த்துத்தான் எழுதினேன்.

உன்னைவிட மூன்று வாரம் சின்னவன்,
கூடப் பிறக்காத தம்பி டேனி