ராத்திரிச் சூட்டையும் எழுதி வைத்தவளுக்கு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளடி. பாப்பா இன்னும் தூங்கவில்லை, கழுத்தெல்லாம் வேர்க்குரு. எங்கள் மாடி அறையில் நீ மாட்டிய வெப்பமானியை டார்ச் அடித்துப் பார்த்தேன். சாயங்காலம் நின்ற இடத்திலிருந்து இறங்கவே இல்லை. நீ இறந்து இரண்டு வருஷம் ஆனாலும் இதை உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

ஏனாத்தூர் கல்லூரியில் நாம் சேர்ந்து படித்து முடித்து, நான் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், "உங்க மாடியிலதான்டி வானம் மறைக்காம தெரியுது" என்று மழைமானியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எதிர்வீட்டு அண்ணன் கத்தினார்: "மழைக்கு மார்க் போடுற டீச்சரம்மா வந்துட்டாங்கப்பா!"

"உங்க தெரு ஃபெயிலு அண்ணா" என்றாய்.

என் மாமனார் மட்டும் தறியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "வருஷம் பூரா பெய்யறது அதே மழைதானேம்மா?" நீ கையிலிருந்த பழைய மழைக்கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினாய்.

"அதே மழைதான் மாமா. முன்ன வாரக்கணக்கா வந்தது, இப்ப ஒரே பொழுதுல வந்துக்கினு இருக்குது. நீங்க கால் வைக்கிற தறிக்குழி ஒரே மழையில ரொம்பிடும், அதுக்கு வருஷக் கணக்கு தெரியுமா?"

 அடுத்த வாரமே மாமா கொத்தனாரைக் கூப்பிட்டு வாசற்படியை உயர்த்தினார். போன ஐப்பசியில் தெருவே முழங்கால் தண்ணீரில் நின்றபோது, எங்கள் படிக்கு ஒரு சாண் கீழேயே தண்ணீர் நின்றுவிட்டது. தறியிலிருந்த பட்டில் ஈரம் படவில்லை. "அந்தப் பொண்ணோட நோட்டுதான்பா காப்பாத்துச்சு" என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். எதிர்வீட்டு அண்ணன் வந்து படியை அளந்துகொண்டு போனார். நீ பார்த்திருக்க வேண்டும்.

எல்லாரும் பகல் வெயிலைத் திட்டியபோது ராத்திரிச் சூட்டையும் எழுதியவள் நீ. வானிலை அலுவலகத்துப் பழைய பதிவேடுகளைக் கையாலேயே நகலெடுத்து நம்முடையதோடு ஒப்பிட்டாய். "நம்ம நோட்டு மட்டும் பத்தாதுடி, முப்பது வருஷமாவது எழுதணும்" என்பாய். உன்னால் ஆறு வருஷம்தான் எழுத முடிந்தது. மிச்சத்தை நான் எழுதுகிறேன், ஒரு நாள் விடவில்லை. பிரசவத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு மாமாவிடம் அளவைப் பார்த்து எழுதச் சொன்னேன். "இப்ப இதாம்மா முக்கியம்?" என்று திட்டிக்கொண்டே மாடி ஏறினார்.

ஆனால் இன்றைக்கு அந்த நோட்டைப் புரட்டப் புரட்டப் பயமாக இருக்கிறது. மாடி ராத்திரியிலும் ஆறுவதில்லை. கீழே தறி அறை குளுமைதான், ஆனால் அடுத்த மழை அந்த ஒரு சாணையும் தாண்டினால்? சூடு தினமும் வருகிறது, அப்படிப்பட்ட மழை சில நாள்தான். அதனால் நாளை முதல் பாப்பாவைக் கீழே உயரக் கட்டிலில் போடப்போகிறேன். நான் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வேன். தண்ணீர் வந்தால் முதலில் என்னைத்தான் தொடும்.

நான் செய்வது சரிதானா? சீக்கிரம் பதில் எழுது.