ஒன்பதாம் நம்பர் பாய்

சிவமயம்
நிதான விடுதி, மயிலாப்பூர்
13-10-1930

ஸ்ரீமதி லூர்துமேரி அம்மாளுக்கு, விடுதிக் காரியதரிசி தணிகாசலம் எழுதுவது.

தங்கள் கணவர் மாசிலாமணியை நேற்று விடுதியில் சேர்த்துக்கொண்டோம். இங்கே படுக்க ஆளுக்கொரு பாய்; ஒன்பதாம் நம்பர் பாய் அவருடையது. சாந்தோம் நடந்து வரும் தூரம்தான். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தும் புது மனிதரிடம் பேச எனக்கு நா எழாது. எழுத்தில் சற்றுத் தைரியம் வருகிறது.

பகலில் அவர் வேலைக்குப் போகலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வாயிற்படியில் நின்று என் முகத்தில் ஊத வேண்டும். கள், சாராய வாடை இருந்தால் அன்றே பாய் போய்விடும். ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால் கமிட்டி நற்சாட்சிக் கடிதம் தரும். அதைக் காட்டினால் சாந்தோம் மாதா கோயிலுக்குச் சொந்தமான வீடுகளில் உங்கள் குடும்பத்துக்கு ஓர் அறை தருவதாகப் பங்குச் சாமியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். குடியால் குடிசை போய், நீங்களும் பெண்ணும் உங்கள் சின்னம்மா வீட்டில் ஒண்டியிருப்பதாக மாசிலாமணி சொன்னார். சொல்லும்போது தலை நிமிரவில்லை.

நான் மூக்குப்பொடி போடுகிறவன். மோந்து பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தது சரியா என்று எனக்கே சந்தேகம்.

தங்கள் நலம் நாடும்,
தணிகாசலம்


சேசு மரி சூசை துணை
சாந்தோம் குப்பம்
20-10-1930

வாத்தியார் ஐயாவுக்கு லூர்துமேரியின் தோத்திரம்.

கன்னியாஸ்திரீகளிடம் நாலாவது வரைக்கும் படிச்சேன். பிழை இருந்தா பொறுத்துக்கணும்.

நான் மீன் கூடை தூக்கி ரெண்டு வயித்தைக் கழுவுறேன். சின்னம்மா தேசம்மா நல்லவங்கதான். ஆனா மழை பெஞ்சா, என் பொண்ணு படுக்கிற இடத்துல ஆட்டைக் கட்டிடுறாங்க. கதவு வெச்ச ஒரு அறை வேணும் ஐயா, அவ்வளவுதான். அந்தக் கடிதாசி வர்ற வரைக்கும் என் படி ஏறக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.

விடியக்காலம் அவருக்குக் கை நடுங்கும். சூடா கஞ்சித் தண்ணி குடுத்தா நிக்கும். நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.

லூர்துமேரி


சிவமயம்
மயிலாப்பூர்
28-3-1931

லூர்துமேரி அம்மாளுக்கு,

இன்னும் பதினைந்து நாளில் ஆறு மாதம் முடிகிறது. மாசிலாமணிக்குக் கை நடுக்கம் நின்று வெகுநாளாகிறது. கஞ்சித் தண்ணீர் கொடுத்த முதல் நாளே, 'லூர்து சொன்னாளா?' என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குப் பொய் சரியாக வராது. அவர் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டார்.

பக்கத்துப் பாய்க்காரர் குலாம் முகம்மது, பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். வாயிற்படியில் தினமும் என்னைக் கேலி செய்வார். 'இன்னிக்கு பூண்டு தின்னுகினு வந்துகீறேன் வாத்தியாரே. ஊதட்டா, ஓடிப் போறீங்களா?' என்பார். அவருக்கும் மாசிலாமணிக்கும் நல்ல சிநேகம்.

ஈஸ்டர் என்கிற உங்கள் பாஸ்கு பண்டிகைக்கு மட்டும் மாசிலாமணியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். தடையில்லை. ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

தணிகாசலம்


சிவமயம்
மயிலாப்பூர்
6-4-1931

அம்மா,

இதை எழுத மிகவும் வருத்தப்படுகிறேன். நேற்று மாசிலாமணி ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்தார். ஊதினார். புளித்த கள் வாடை. என் மூக்கை நம்பாமல் மறுபடியும் ஊதச் சொன்னேன், மூன்றாம் தடவையும். குடித்தீரா என்று கேட்டேன். 'இல்ல' என்றார். பின்னே இந்த வாடை ஏது என்றதற்குப் பதில் சொல்லவில்லை.

பின்னால் வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன சொல்வேன் என்று பயந்து, பாயைச் சுருட்டிவிட்டேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

விதிப்படிதான் செய்தேன். குலாம் முகம்மது என்னோடு பேசுவதில்லை.

தணிகாசலம்


சேசு மரி சூசை துணை
சாந்தோம் குப்பம்
8-4-1931

ஐயா,

இன்னா காரியம் பண்ணிட்டீங்க. அவர் குடிக்கலை. ஆப்பம் தின்னாரு.

நாப்பது நாள் ஒருசந்தி விரதம் முடிஞ்சு பாஸ்குக்கு எங்க வீடுகள்ல ஆப்பம் சுடுவோம். மாவு பொங்கக் கள்ளுதான் ஊத்துவோம். பண்டிகையாச்சேன்னு நான் கொஞ்சம் கூடவே ஊத்திட்டேன். எட்டு ஆப்பம் தின்னாரு. உங்க வீட்டுல தோசைதானே, உங்களுக்கு எப்படித் தெரியும்.

அதை ஏன்யா சொல்லலைன்னு கேட்டேன். 'உன் வீட்டுல கள்ளு கீதுன்னு கமிட்டிக்காரங்க எழுதிட்டா, உனக்கு அறை போயிடும். எனக்குப் பாய் போனா போவுது' அப்படின்னாரு.

கட்டுமரத்து அண்டையில படுத்துக்கினு கீறாரு. என் படி ஏற மாட்டேன்றாரு; ஆறு மாசம் முடியலையாம். கள்ளுக்கடை வழியா போகாம மணல்ல சுத்திக்கினு போறாரு. இன்னும் எத்தினி நாள் சுத்துவாரோ, எனக்குப் பயமா கீது.

பொடி போடுற மூக்கை நம்பி ஒரு மனுசனைத் தெருவுல விட்டுட்டீங்க. திட்டக் கூடாதுன்னுதான் எழுத உட்கார்ந்தேன்.

லூர்துமேரி


சிவமயம்
மயிலாப்பூர்
13-4-1931

அம்மா லூர்துமேரிக்கு,

உங்கள் கடிதம் வந்தும் இரண்டு நாள் தயங்கினேன். சனிக்கிழமை பகலில் உங்கள் வாசலில் வந்து நின்று, 'இரண்டு ஆப்பம்' என்று மட்டும் கேட்டேன். ஏன் எதற்கு என்று கேளாமல் சுட்டுக் கொடுத்தீர்கள்.

நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. நடந்ததை எல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எழுந்து நின்றதும் முதல் வரியைத் தாண்டிப் படிக்க வரவில்லை. அதனால் இலைப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டையும் தின்றேன். அறுபத்தாறு வயதில் கள் சேர்ந்ததை வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு தலைவரிடம் போய் அவர் முகத்தில் ஊதினேன். அவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்து, 'தணிகாசலம், உமக்கு எத்தனை நாளாக இந்தப் பழக்கம்?' என்றார்.

'இப்போதுதான். இரண்டு ஆப்பம்,' என்றேன்.

அதற்கப்புறம் விஷயத்தைச் சொல்வது சுலபமாக இருந்தது. ஆப்பத்துக் கள் குடியாகாது என்று எழுதி, பாயைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே மாசிலாமணியைத் தேடிக் கடற்கரைக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். 'பாய் விரித்திருக்கிறது' என்பதுதான் வெளியே வந்தது. அவர் துண்டில் ஒட்டியிருந்த மணலை உதறிக்கொண்டு கூட வந்தார். வாயிற்படியில், நீர் ஊத வேண்டாம் என்றேன். நகரவில்லை. 'எல்லாரும் ஊதுறாங்கல்ல. மூக்கைக் கொண்டாங்க வாத்தியாரே' என்றார். மீன் வாடைதான் இருந்தது.

நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது. மணலில் கழித்த நாட்களையும் சேர்த்தே கடிதம் எழுதியிருக்கிறோம். கடிதம் இத்துடன் இருக்கிறது, சாமியாரிடம் காட்டுங்கள். அறைக்குக் கதவு இருக்கிறதா என்று நான் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. தாழ்ப்பாள் மட்டும் சற்றுத் தளர்வு.

பொடியை நிறுத்தி நாலு நாளாகிறது. காலையில் கை நடுங்குகிறது. இன்று மாசிலாமணி கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அறைக்குக் குடிபோன பிறகும் தினம் ஆறு மணிக்கு இங்கே வந்து, பொடி வாடை இருக்கிறதா என்று என் மேல்துண்டை மோந்து பார்க்கப் போகிறாராம். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் எனக்கும் ஒரு கடிதம் தருவாராம்.

தணிகாசலம்