தொப்பூர் இறக்கத்தில் இடப்பக்க சீட்டு

சேசு மரி சூசை துணை
தேஜ்பூர்
8-1-1968

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

அருள்நாதன் எழுதுவது. அஸ்ஸாம் குளிரில் விரல் மடங்கவில்லை, மற்றபடி சுகம். நம் சூசைக்குப் பதினெட்டு முடிந்த கையோடு லைசென்ஸ் கிடைத்து, மாதையன் மண்டி ஜீப்பில் சேலத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகிறான் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். ஆனால் சேலம் போகிற வழியில் தொப்பூர் மலை இறக்கம் இருக்கிறதே.

பட்டாளத்தில் லாரி ஓட்டும் நான் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பிள்ளை பக்கத்தில் உட்கார எனக்கு லீவு இல்லை. நீயாவது சொல். தொப்பூர் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று கியரை எடுத்து வண்டியை நியூட்ரலில் விடுவார்கள். இவன் விடக்கூடாது, பிரேக் மட்டும் தாங்காது. ஏறும்போது போடுகிற கியரிலேயே இறங்க வேண்டும். முதலாளி திட்டினால் திட்டட்டும்.

உன்
அருள்நாதன்

மாரண்டஹள்ளி
2-2-1968

சூசையின் அப்பாவுக்கு,

புஷ்பமேரி பணிவுடன் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தைச் சூசைக்குப் படித்துக் காட்டினேன். "இதெல்லாம் அப்பா போன வாரமே சொல்லிட்டாரும்மா" என்று சிரிக்கிறான்.

உங்களிடம் மறைப்பானேன். முதல் நடை போய் வந்தவன் பயந்துபோய்ச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். கைக்குழந்தையில் இவனுக்கு உங்களை நினைத்து ஏங்கிக் காய்ச்சல் வந்தால், நீங்கள் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் தூளியில் போடுவேனே. அதே ஞாபகத்தில், போன லீவில் விட்டுப்போன உங்கள் காக்கிச் சட்டையை ஜீப்பின் இடப்பக்க சீட்டில் மாட்டிவிட்டேன். அன்றோடு பயம் போய்விட்டது. தொப்பூர் வந்ததும் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களாம். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்கிறீர்களாம். இறக்கம் முடிந்ததும் போய்விடுகிறீர்களாம்.

"அப்பா மேலெல்லாம் ஈரமா இருக்கும்மா. நடுங்கறாரு" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்னவோ. அங்கே மழையா?

உங்கள்
புஷ்பமேரி

தேஜ்பூர்
19-2-1968

அன்புள்ள புஷ்பத்துக்கு,

மழைதான். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்ச நாளாக மலைப்பாதையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண்முன் தொப்பூர் இறக்கம்தான் வருகிறது, இடப்பக்கம் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. சூசைக்கு மீசை அரும்பியிருப்பதை நீ எழுதவே இல்லையே. அவன் வளைவில் வேகமெடுத்தால் என் கால் இங்கே பிரேக்கைத் தேடுகிறது. போன செவ்வாய் என் லாரியின் முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. தூங்கிவிட்டேன் என்று எல்லோரும் ஏசினார்கள்.

ஆனாலும் சட்டையை எடுத்துவிடாதே. கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆன பிள்ளை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் கை திருந்த வேண்டும்.

அருள்நாதன்

மாரண்டஹள்ளி
4-3-1968

சூசையின் அப்பாவுக்கு,

சட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காப்பாற்றப் போய்ப் புருஷனைப் பள்ளத்தில் தள்ள நான் தயாராக இல்லை. உங்கள் பாதையை நீங்கள் பாருங்கள். இவனுக்கு நான் ஜெபமாலை சொல்கிறேன்.

சீட்டு காலியாக இருக்கிறதாம். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இப்போது தனியாகவே நிதானமாக இறங்குகிறான். மாதையன் பெட்ரோல் கணக்குப் பேசியதற்கு, "வேற ஆளப் பாத்துக்குங்க, நான் நியூட்ரல்ல வுட மாட்டேன்" என்றானாம். பையன் டிரைவராகிவிட்டான். லீவில் வாருங்கள், தருமபுரி ஸ்டேஷனுக்கு அவனே வண்டி கொண்டுவருவான்.

புஷ்பமேரி

மாரண்டஹள்ளி
11-4-1968

சூசையின் அப்பாவுக்கு,

பதிலே இல்லை. சட்டையை எடுத்த கோபமா?

நேற்று மாலை சூசை முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். தொப்பூரில் நீங்கள் ஏறினீர்களாம். இறக்கம் முடிந்தும் போகவில்லையாம், நம் வாசல்வரை கூடவே வந்தீர்களாம். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஜீப்பில் யாருமில்லை. பெட்டி பூட்டியபடி இருக்கிறது.

"இப்ப அவருக்கு நடுக்கமே இல்லம்மா" என்றான். "லீவு எத்தினி நாளுன்னு கேட்டேன். இனிமே திரும்பிப் போவ வேண்டியதில்லேன்னாரு."

இன்று தபால்காரர் பச்சியப்பன் தெருவில் திரும்பியதும், கையில் தந்தியோ என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் கையால் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

உங்கள்
புஷ்பமேரி